நனைந்தால் காயாது, உட்கார்ந்தால் எழாது

மழை பெய்தால் மற்ற கோழிகள் உடம்பை ஓர் உதறு உதறும், பாதித் தண்ணீர் போய்விடும். சில்க்கி என்ற பஞ்சு இறகுக் கோழி நனைந்தால் நனைந்தபடியே நிற்கும். சில்க்கி வளர்க்கத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில்தான் இது எனக்குத் தெரிந்தது. அன்று பிற்பகலில் தொடங்கிய தூறல் விடவே இல்லை. கூட்டின் கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன். நனைந்தால் தானாக உள்ளே போய்விடும் என்று நினைத்து வீட்டுக்குள் வேலையாக இருந்துவிட்டேன். இருட்டிய பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு போனால், மூன்றும் கூட்டுக்கு வெளியே சுவரோரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கண்ணை மூடியிருந்தன. சத்தமே இல்லை.

கையில் எடுத்தபோது பதறிவிட்டேன். காய்ந்திருக்கும்போது பந்து மாதிரி இருந்த உடம்பு, நனைந்ததும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது. அவ்வளவு பஞ்சுக்கும் உள்ளே இருந்தது இத்தனை சின்ன உயிர்தானா என்று இருந்தது. துண்டால் ஒற்றி எடுத்து, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்து, மூன்றையும் காயவைத்து முடிக்க நள்ளிரவு ஆகிவிட்டது. மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் தோலை ஒட்டி ஈரம் நிற்கும். விரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். நல்லவேளை, மூன்றும் பிழைத்துக்கொண்டன. அதற்குப் பிறகு இந்தக் கோழியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படித்ததைவிட அதிகமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஈரம் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கான விடை இறகிலேயே இருக்கிறது. சாதாரணக் கோழி இறகில் நடுத்தண்டிலிருந்து இருபுறமும் கிளைகள் பிரியும். அந்தக் கிளைகளிலிருந்து இன்னும் மெல்லிய கிளைகள் பிரியும். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கும். பக்கத்துக் கிளையை அந்தக் கொக்கிகள் பிடித்துக்கொள்வதால்தான் இறகு தகடு போல நிற்கிறது, மழை அதன் மேல் வழிந்து ஓடுகிறது. சில்க்கியின் இறகில் இந்தக் கொக்கிப் பிடிப்பு இல்லை. ஒவ்வோர் இழையும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பதால் தொட்டால் பட்டு மாதிரி இருக்கிறது. அதே காரணத்தால் தண்ணீர் நேராகத் தோலுக்கே போய்விடுகிறது. பிடிஎஸ்எஸ்2 என்ற மரபணுவின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் பகுதியில் நேர்ந்த ஒரு சிறு மாற்றமே இதற்குக் காரணம் என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. இது ஒடுங்கு பண்பு. சில்க்கியையும் சாதாரணக் கோழியையும் சேர்த்தால் முதல் தலைமுறைக் குஞ்சுகள் சாதாரண இறகோடுதான் வளரும்.

உடம்பின் மற்ற விசேஷங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தோலும் எலும்பும் கறுப்பு. வெள்ளை சில்க்கிக்கும் அப்படித்தான், இறகை விலக்கிப் பார்த்தால் கருநீலத் தோல் தெரியும். கோழிக்குப் பொதுவாக நான்கு விரல், இதற்கு ஐந்து. காலிலும் இறகு. தலையில் பூப்பந்து போலக் குடுமி, சிலவற்றுக்கு தாடி. காது மடல் நீலம் கலந்த பச்சை. சீனாவில் பூனையின் மயிர் போன்ற மயிரோடு கறுப்புக் கோழிகள் இருப்பதாக 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ தன் பயணக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் கோழி இனத் தரநூலில் 1874-ல் சில்க்கி இடம் பெற்றது. எத்தனையோ காலமாக மனிதர்களோடு இருந்து வரும் பறவை இது, ஆளைக் கண்டால் ஓடாமல் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கோழிக்கு என்னவெல்லாம் வேண்டுமோ, அதில் பெரும்பகுதி இதற்கு இல்லை. பறக்காது. இறக்கையை எவ்வளவு அடித்தாலும் காற்று இழைகளுக்கிடையே நழுவிவிடும். முழங்கால் உயரத் திண்ணைகூட அதற்கு மலைதான். குடுமி கண்ணை மறைப்பதால் மேலே பருந்து வட்டமிடுவது தெரியாது, பக்கவாட்டில் யாராவது வந்தால் திடுக்கிடும். கண்ணைச் சுற்றியுள்ள இழைகளை மட்டும் மாதம் ஒருமுறை நுனி மழுங்கிய கத்தரியால் வெட்டிவிடுகிறேன். கண்காட்சிக்கு அழகு போகுமே என்று சிலர் வெட்டுவதில்லை. என் கோழி எந்தக் கண்காட்சிக்கும் போகப் போவதில்லை. தீவனம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்தால் போதும்.

இன்னொன்று மிக முக்கியம், பலருக்குத் தெரியாது. பல சில்க்கிகளுக்கு உச்சந்தலையில் மண்டையோடு மேல்நோக்கிப் புடைத்து, நடுவே முழுமையாக மூடாமல் இருக்கும். குடுமி பெரிதாக இருந்தால் பெரும்பாலும் அடியில் இந்தப் புடைப்பு உண்டு. மற்ற கோழி அந்த இடத்தில் ஓங்கி ஒரு கொத்து கொத்தினால் மூளையே பாதிக்கப்படலாம். கழுத்து திருகிக்கொண்டு தலை பின்னால் போய்விடும். அதனால் பெரிய, முரட்டு இனக் கோழிகளோடு சில்க்கியைச் சேர்த்து வளர்க்கவே வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. இடம் இருக்கிறது, ஒத்துப்போகும் என்பார்கள். பத்து நாள் ஒத்துப்போகும், பதினோராம் நாள் ஒரே ஒரு கொத்து போதும்.

சரி, இத்தனையும் இல்லாத கோழியிடம் ஒன்று மட்டும் மற்ற எந்தக் கோழியிடமும் இல்லாத அளவுக்கு இருக்கிறது. அது அடை, குஞ்சு பொரிக்க முட்டை மேல் உட்காரும் குணம்.

முட்டைக்காகவே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனங்களில் அவயத்துக்கு உட்காரும் குணத்தையே மனிதர்கள் கிட்டத்தட்ட அழித்துவிட்டார்கள். உட்காரும் கோழி முட்டையிடாது என்பதே காரணம். சில்க்கியில் அது அப்படியே தங்கிவிட்டது. பத்துப் பதினைந்து முட்டை இடும், உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரித்து வளர்த்து முடித்ததும் மறுபடி சில முட்டை, மறுபடி அடை. வருடத்துக்கு 100 முதல் 120 முட்டை என்று கணக்கு சொல்வார்கள். இடையில் அடையைக் கலைத்துக்கொண்டே இருந்தால்தான் அந்த எண்ணிக்கையை எட்ட முடியும்.

அடை வரப்போவது இரண்டு மூன்று நாள் முன்பே தெரியும். முட்டையிட்ட பிறகும் பெட்டியிலேயே கொஞ்ச நேரம் கூடுதலாக உட்காரும். குரல் மாறும், வழக்கமான கொக்கரிப்பு போய், தொண்டைக்குள்ளிருந்து கிளக், கிளக் என்று ஒரே சீரான சத்தம் வரும். மார்பிலிருந்து தானே இழைகளைப் பிடுங்கிக் கூட்டில் போட்டுக்கொள்ளும். அப்படி இறகு போன இடத்தில் வெறும் தோல் நேராக முட்டையில் படும், சூடு தடையில்லாமல் இறங்கும். கையை அருகே கொண்டுபோனால் உடம்பை இரண்டு மடங்காக உப்பிக்கொண்டு உறுமும். மடியில் தூங்கும் அதே கோழிதான்! எங்கள் வீட்டில் சாம்பல் நிறக் கோழிக்கு மேகம் என்று பெயர் வைத்தவள் என் மகள். மேகம் முதன்முதலில் அடையில் உட்கார்ந்தபோது அவள் ஓடிவந்து, "அம்மா, மேகம் என்னைப் பாத்து கோபப்படுது, நான் ஒண்ணுமே பண்ணல" என்று அழுதாள். கோபமில்லை கண்ணு, காவல் என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, அதற்கப்புறம் பெட்டிக்குப் பக்கத்தில் போனால் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

இதையெல்லாம் நடத்துவது புரோலாக்டின் என்ற ஹார்மோன். அது ஏறினால் முட்டை உற்பத்தி நிற்கும், பசி குறையும், உட்கார வேண்டும் என்ற ஒன்றே மிஞ்சும். ஒரு நாளைக்கு ஒருமுறை எழுந்து வரும். பதினைந்து இருபது நிமிடத்துக்குள் தின்று, குடித்து, மண்ணில் புரண்டு, கூட்டிலேயே அடக்கி வைத்திருந்த எச்சத்தை மொத்தமாகக் கழித்துவிட்டுத் திரும்ப ஓடும். அந்த எச்சத்தின் அளவையும் நாற்றத்தையும் முதன்முறை பார்ப்பவர்கள் நோய் என்று பயப்படுவார்கள். பயப்பட வேண்டாம், கூட்டை அசுத்தமாக்காமல் இருக்க அது அடக்கி வைத்திருந்ததுதான்.

பிரச்சினை என்னவென்றால், சில்க்கிக்கு முட்டை இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. கூழாங்கல் மேல் உட்காரும். ஒன்றுமில்லாத மரச்சீவல் மேலும் உட்காரும். பஞ்சு என்ற எங்கள் வெள்ளைக் கோழியை நான் இழந்தது இப்படித்தான். தினமும் முட்டையை எடுத்துவிடுகிறேன், கூடு காலி, சலித்துப்போய்த் தானே எழுந்துவிடும் என்று இருந்தேன். குஞ்சு பொரிக்க ஆகும் 21 நாள் போனது. அது எழவில்லை. ஒரு மாதமும் போனது. 38-ஆம் நாள் காலையில் தூக்கினால் தலை நிற்கவில்லை. இறகை விலக்கிப் பார்த்தேன். ஆசனவாயைச் சுற்றியும் குடுமிக்கு அடியிலும் கோழிப்பேன் மொய்த்துக் கிடந்தது. எழுந்து மண்ணில் புரளாத கோழியின் மேல் அவை எந்தத் தடையுமில்லாமல் பெருகி ரத்தத்தைக் குடித்திருந்தன. அன்று மாலையே செத்துவிட்டது. தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்; ஆனால் ஒருநாளும் தூக்கிப் பார்க்கவில்லை. இழைகள் உப்பி நிற்பதால் மெலிந்தது வெளியே தெரியாது. கையால் மார்பெலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும்.

அன்றிலிருந்து இரண்டு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒன்று, சில்க்கி உட்கார்ந்தால் முதல் இரண்டு நாளுக்குள் முடிவெடுத்துவிடுவேன்: குஞ்சு வேண்டுமா, வேண்டாமா. வேண்டாம் என்றால் அன்றே கலைக்கிறேன். கம்பிவலை அடித்தளம் வைத்த கூண்டைத் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, உள்ளே தீவனமும் தண்ணீரும் மட்டும் வைத்து, படுக்கை எதுவும் போடாமல் கோழியை விடுவேன். அடிவயிற்றில் காற்று பட்டுக்கொண்டே இருந்தால் அந்தச் சூடு இறங்கும், ஹார்மோனும் இறங்கும். வெளிச்சம் நன்றாக இருக்கும் இடமாக இருக்க வேண்டும். மூன்று நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும். வெளியே விட்டதும் நேராகக் கூட்டுக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள். தண்ணீரில் முக்கியெடுத்தால் அடை போகும் என்று ஒரு பழக்கம் உண்டு. சாதாரணக் கோழிக்கே அது வேண்டாத வதை. சில்க்கியை முக்குவது என்பது நான் மேலே சொன்ன அந்த முதல் இரவைத் தெரிந்தே வரவழைப்பது.

இன்னொன்று, உட்கார விட்டால் தினமும் நானே தூக்கி வெளியே விடுகிறேன். தூக்கும்போது இறக்கைக்கு அடியில் முட்டை சிக்கியிருக்கும். மெதுவாகக் கையை விட்டுப் பார்த்துக்கொண்டுதான் உயர்த்த வேண்டும். வாரம் ஒருமுறை தராசில் வைக்கிறேன். 900 கிராம் இருக்கும் மேகம் ஓர் அடை முடிவதற்குள் 750-க்கு வந்துவிடும். அதற்குக் கீழே போகவிட மாட்டேன். உட்காருவதற்கு முன்பும் இடையில் ஒருமுறையும் பேன் பார்க்கிறேன். தீவனம் குஞ்சுத் தீவனமாகவே வைக்கிறேன். புரதம் கூடுதல், குஞ்சு பொரித்த பின் தாயும் பிள்ளையும் ஒரே தட்டில் தின்னலாம். முட்டைக் கோழித் தீவனத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்துக்குக் கேடு.

எதை வைத்தாலும் பொரித்துத் தரும் என்பதால்தான் வாத்து, ஃபெசன்ட், காடை வளர்ப்பவர்கள் இன்குபேட்டர் இருந்தும் இரண்டு சில்க்கி வைத்துக்கொள்கிறார்கள். நான் ஒருமுறை நான்கு வாத்து முட்டை வைத்தேன். அதற்கு 28 நாள். கோழிக்கு நாள் கணக்குத் தெரியாது, முட்டைக்குள்ளிருந்து சத்தம் வரும்வரை உட்கார்ந்தே இருக்கும். மூன்று பொரித்தன. நான்காம் நாள் அவை தண்ணீர்த் தொட்டியில் இறங்கியபோது அந்தக் கோழி கரையில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பிறகு வாத்து முட்டை வைப்பதை நிறுத்திவிட்டேன்.

இனி குளிர். சில்க்கி குளிர் தாங்காது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது பாதிதான் சரி. கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். இழைகளுக்கிடையே காற்று தங்கி நிற்பதால், காய்ந்து இருக்கும்வரை சில்க்கி பூஜ்யத்துக்குக் கீழேயும் சமாளிக்கிறது. கொல்வது ஈரம். மழை மட்டுமே ஈரம் என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் குடிக்கும்போது தாடி நனைகிறது. சேற்றில் நடந்தால் கால் இறகு நனைகிறது. எல்லாவற்றையும்விட மோசமானது கூட்டுக்குள் தேங்கும் ஈரம்.

இரண்டாம் குளிர்காலத்தில் கூட்டைச் சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் போட்டு, சந்து பொந்தெல்லாம் அடைத்தேன். இரவு கதகதப்பாக இருக்கும் என்று நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் கதவைத் திறந்தால் கூரையின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர். கோழிகள் விட்ட மூச்சும் எச்சத்தின் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நின்றிருந்தன. அம்மோனியா மூக்கை அரித்தது. குனிந்து, கோழியின் மூக்கு இருக்கும் உயரத்தில் என் மூக்கை வைத்து மூச்சு இழுத்துப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. இரவெல்லாம் அவை அதைத்தான் சுவாசித்திருக்கின்றன. ஈரக் காற்றில்தான் கொண்டையும் விரலும் சீக்கிரம் உறைகின்றன, நுரையீரலும் கெடுகிறது.

காற்றோட்டம் வேறு, காற்று வீச்சு வேறு. படுத்திருக்கும் கோழியின் மேல் காற்று வீசக் கூடாது. தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, இரு பக்கமும் திறப்பு இருந்தே ஆக வேண்டும். சூடான ஈரக் காற்று மேலே எழும்பித் தானாக வெளியேறிவிடும். பிளாஸ்டிக்கைக் கிழித்து எறிந்துவிட்டு, கீழே இரண்டடி வரை பலகை அடித்தேன், மேலே கம்பிவலையோடு திறந்துவிட்டேன். கூடு முன்பைவிடக் குளிர்ந்தது. கோழிகள் முன்பைவிட நன்றாக இருந்தன.

தரையில் மரச்சீவலை ஒரு சாணுக்கு மேல் ஆழமாகப் போட்டு, ஈரமான இடத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக மேலே தூவிக்கொண்டே வருகிறேன். சில்க்கிக்கு இது மற்ற கோழிகளைவிட முக்கியம். ஏனென்றால் அது உயரத்தில் அடையாது, ஒரு மூலையில் குவியலாகப் படுத்துத் தூங்கும். என் கூட்டில் ஓர் அடிக்கும் குறைவான உயரத்தில் அகலப் பலகை ஒன்று வைத்திருக்கிறேன். உருண்டைக் கம்பு வேண்டாம். தட்டைப் பலகையில் உட்கார்ந்தால்தான் விரல் முழுவதும் வயிற்று இறகுக்குள் மறையும். இருந்தாலும் பாதி நாள் பலகை காலியாகத்தான் இருக்கும், ஒன்றன் மேல் ஒன்று கிடக்கும். அடியில் மாட்டிக்கொண்ட சிறிய கோழி மூச்சு முட்டாமல் இருக்கிறதா என்று படுக்கப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிட்டு வருவேன்.

தண்ணீருக்கு அகன்ற தட்டு வைக்க வேண்டாம். அலகு மட்டும் நுழையும் அளவுக்கு வாய் குறுகிய பாத்திரம் போதும், தாடி நனையாது. நனைந்த தாடி உறைந்தால் அதன் அடியில் இருக்கும் தோலும் புண்ணாகிவிடும். கால் இறகில் சேறு உருண்டையாகக் கட்டிக்கொள்ளும், உறைபனி இருந்தால் பனிக்கட்டியாகவே கட்டிக்கொள்ளும். அதைப் பிடித்து இழுத்தால் நகத்தோடு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் காலை மட்டும் வைத்துக் கரைத்து, முழுதும் துடைத்துக் காயவைத்த பிறகே வெளியே விட வேண்டும்.

சில்க்கியின் கொண்டை சிறியது, தலையோடு ஒட்டிய மேடு போல இருக்கும். நிமிர்ந்த பெரிய கொண்டை உள்ள இனங்களைவிட இதற்கு உறைபனிக் காயம் குறைவு. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிவப்புக் கொண்டையில் உறைந்த இடம் வெளிறி, பிறகு கறுப்பது பார்த்தாலே தெரியும். இதன் கொண்டை பிறவியிலேயே கருஞ்சிவப்பு. கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். ஓர் இடம் மட்டும் சில்லென்று விறைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். தேய்க்கக் கூடாது, நெருப்பருகே கொண்டுபோகவும் கூடாது. வெதுவெதுப்பான துணியால் மெல்லச் சூடேற்றி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சூட்டு விளக்கை நான் கூட்டுக்குள் வைப்பதில்லை. காய்ந்த மரச்சீவல், பறக்கும் இறகுத் தூசு, ஆடும் விளக்கு மூன்றும் ஓரிடத்தில் இருந்தால் தீப்பிடிக்க ஒரு நொடி போதும். அதற்குப் பதில் இருட்டுவதற்கு முன் முழுத் தானியம் கொஞ்சம் கூடுதலாகப் போடுகிறேன். இரைப்பை நிறைந்து படுத்தால் இரவெல்லாம் செரிக்கும், செரிக்கச் செரிக்க உடம்பில் சூடு பிறக்கும். இறகு உதிர்ந்து முளைக்கும் காலம் குளிருக்குள் நீண்டுவிட்டால் புரதம் கூட்டிக் கொடுக்க வேண்டும், இறகே பெரும்பகுதி புரதம்தானே.

சென்ற குளிர்காலத்தின் தொடக்கத்தில், பகல் சுருங்கி மற்ற கோழிகள் பெரும்பாலும் முட்டையை நிறுத்திய பிறகு, மேகம் உட்கார்ந்துவிட்டது. வழக்கமாக அந்தக் காலத்தில் நான் கலைத்துவிடுவேன். ஆனால் கம்பிவலைக் கூண்டில் அடிவயிறு திறந்து அந்தக் குளிரில் வைக்க மனம் வரவில்லை. போன அடைக்குப் பிறகு உடம்பும் நன்றாகத் தேறியிருந்தது, 920 கிராம். சரி, வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஒரு சில்க்கி தன் முட்டை ஏழெட்டை மூடும். குளிருக்கு ஐந்துதான் வைத்தேன். ஓரத்து முட்டை ஆறிப்போகும் என்ற பயம். தரையிலேயே பெட்டி, அடியில் தடிமனாக மரச்சீவல், நடுவில் கையால் அழுத்தி ஒரு குழி. குழி இல்லாவிட்டால் முட்டை மூலைக்கு உருண்டுவிடும். பென்சிலால் ஒவ்வொன்றிலும் கோடு போட்டேன். மற்ற கோழி ஏதாவது வந்து முட்டை இட்டுவிட்டுப் போனால் அடையாளம் தெரிய வேண்டும். தினமும் மதியம், வெயில் கொஞ்சம் ஏறும் நேரத்தில் தூக்கி விட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஒருநாளும் அது வெளியே இருந்ததில்லை. தின்றுகொண்டே பெட்டியைத் திரும்பிப் பார்க்கும்.

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வைத்துப் பார்த்தோம். நான்கில் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலை மாதிரி ஓடின. ஒன்று தெளிவாகக் கூமுட்டை, எடுத்துவிட்டேன். 18-ஆம் நாளுக்குப் பிறகு தூக்குவதை நிறுத்தினேன். தண்ணீரையும் தீவனத்தையும் அலகுக்கு எட்டும் தூரத்தில் வைத்தேன். 20-ஆம் நாள் இரவு பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தபோது முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று மெல்லிய குரல். மேகம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதுவரை கேட்டிராத தாழ்ந்த, வேகமான கிளக். மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வந்து கேட்கவைத்தேன்.

மறுநாள் மூன்று பொரித்தன. நான்காவது ஓட்டில் சின்ன ஓட்டை போட்டுவிட்டு அப்படியே நின்றது. உரித்து உதவலாமா என்று கை துடித்தது. பொரிக்கும் முன் ஓட்டின் உள்சவ்வில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், அவசரப்பட்டால் குஞ்சு ரத்தம் இழந்து செத்துவிடும். விட்டுவிட்டேன். பொரித்த மூன்றும் பசியால் தவிக்குமோ என்ற கவலை வேண்டாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். தாய் எழாமல் காத்திருக்க முடிவது அதனால்தான். 22-ஆம் நாள் பிற்பகல் நான்காவதும் வந்தது.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்பார்கள். மிதித்து ஆகாதுதான். ஆனால் சில்க்கியிடம் வேறோர் ஆபத்து இருக்கிறது, எந்தப் புத்தகத்திலும் படிக்கும் முன் நானே பார்த்துவிட்டேன். தாயின் நீண்ட இழைகள் நூல் போலத் திரிந்து குஞ்சின் காலிலோ கழுத்திலோ சுற்றிக்கொள்ளும். மூன்றாம் நாள் காலையில் ஒரு குஞ்சு தாயின் வயிற்றிலிருந்து தொங்கியபடி கத்தியது. காலில் இரண்டு சுற்று இறுகி, பாதம் வீங்கத் தொடங்கியிருந்தது. மேகத்தை மகள் பிடித்துக்கொள்ள, நான் நகக் கத்தரியால் இழையை வெட்டினேன். அதன் பிறகு மேகத்தின் வயிற்றடியில் இருந்த நீண்ட இழைகளையெல்லாம் குட்டையாக்கிவிட்டேன். இப்போது அவயம் வைக்கும் முன்பே இதைச் செய்துவிடுகிறேன்.

அந்த வாரம்தான் குளிர் மிகக் கடுமையாக இருந்தது. காலையில் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கண்ணாடி போலப் பனி படிந்திருக்கும். தட்டி எடுத்துவிட்டு வெதுவெதுப்பாக ஊற்றுவேன். இன்குபேட்டர் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், வாரத்துக்கு 3 டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மேகத்திடம் அந்தக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. குஞ்சுகள் வெளியே வந்து நாலு கொத்து கொத்தும், நடுங்கும், உள்ளே ஓடும். சூடேறியதும் இறக்கைக்கிடையில் ஒரு தலை நீட்டும். நான் கவனித்தது தண்ணீர்த் தட்டை மட்டும்தான். குஞ்சு விழுந்து நனையாதபடி அதில் கூழாங்கற்களை நிரப்பி வைத்தேன்.

பத்தாம் நாள் வெயில் வந்தது. கூட்டின் வாசலில் சாய்வுப் பலகையைப் போட்டு, தரை முழுதும் காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தேன். மேகம் பலகையின் நடுவரை வந்து நின்று, குடுமியை அப்படியும் இப்படியும் ஆட்டி மேலே பார்த்தது. கரிசல், எங்கள் சேவல், கீழே ஒரு புழுவைக் கண்டு குஞ்சுகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மூன்று ஓடின. நான்காவது, அந்த வீங்கிய காலுடையது, பலகையின் மேலேயே நின்றுவிட்டது. மேகம் திரும்பி ஏறி வந்து அதன் பக்கத்திலேயே, அந்தச் சாய்வுப் பலகையின் மேலேயே, இறக்கையை விரித்து உட்கார்ந்துகொண்டது.